தாத்தா கொடுத்த வெள்ளி

வெந்நீர் ஆறிக்கொண்டிருக்கிறது, எனக்கு இன்னும் கையை உள்ளே விட மனம் வரவில்லை. பேசினுக்குள் கிடக்கிறது அது. சாக்கடை அடைப்பை எடுக்கும்போது குச்சியைச் சுற்றிக்கொண்டு வருமே முடியும் பிசுக்குமாக, அந்த மாதிரி கறுத்துச் சுருண்டு கிடக்கிறது. வெள்ளி என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். மாமாவின் இடுப்பில் அவருக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னாலிருந்தே கிடந்த அரைஞாண்கொடி. "நல்லாத் தேச்சு வை சுகந்தி, நான் குளிச்சிட்டு வந்ததும் கடைக்குக் கிளம்பணும்" என்று சொல்லிவிட்டு இவர் பாத்ரூமுக்குள் போய்விட்டார். சொந்த அப்பாவின் கொடி, இவருக்குத் தொட அருவருப்பு. ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, கவரின் நுனியைப் பிடித்துக்கொண்டுதான் கொடுத்தார். அருவருப்பு என்று வந்தால் இந்த வீட்டில் அது என் பங்குக்குத்தான் வந்து சேரும். இந்த பேசினும் அதே பேசின்தான், மாமாவுக்கு உடம்பு துடைக்கத் தண்ணீர் வைத்தது. கருமாதி முடிந்ததும் இதைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்றேன். நல்ல பேசினை எதற்குப் போட வேண்டும், இதுக்கு இன்னும் வேல்யூ இருக்கு என்றார். வாசலில் போட்ட பந்தலைப் பிரித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. கருமாதியன்று என் நாத்தனார் எல்லார் முன்னாலும் கேட்டாள், "அண்ணா, அப்பாவோட அரணாக்கொடி எங்க?" என்று. இவர் கண் கலங்கினார். "அப்பா தன் கையாலயே பேத்திக்குக் குடுத்துட்டாரும்மா. நல்லாப் படிச்சு முன்னுக்கு வரட்டும்னு." பக்கவாதம் வந்து பேச்சே போன மனுஷன் இவ்வளவு நீளமாக எப்படிச் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. சைகையில் சொல்லியிருப்பார் என்று நானும் நினைத்துக்கொண்டேன். கூடியிருந்த பெண்கள் எல்லோரும் மூக்கைச் சிந்தினார்கள், நானும் சிந்தினேன். அந்தக் கொடியைத்தான் இன்றைக்குக் கடையில் கொடுத்துக் கட்டி வெள்ளியாக மாற்றப் போகிறார்கள். எங்கள் மகள் கனிஷ்காவின் முதல் பெரிய அசெட்டாம். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு நாக்கில் ஏதோ ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது.

இவர் செய்கிற வேலை அப்படி. விபத்தில் நசுங்கிய வண்டிகளைப் போய்ப் பார்த்து மதிப்புப் போடுகிற இன்சூரன்ஸ் சர்வேயர். சேலத்தைச் சுற்றி எந்தப் பைபாஸில் எது உருண்டாலும் போன் வந்துவிடும். சீட்டில் ரத்தம் காய்ந்திருக்கும், இவர் குனிந்து கதவு தேறுமா, கண்ணாடி தேறுமா என்று பார்ப்பார். வீட்டுக்கு வந்து அதே கையால் சாம்பார் பிசைவார். எனக்குக் கல்யாணமான புதிதில் அந்தக் கையைப் பார்த்துப் பார்த்துச் சோறு இறங்காது, பிறகு பழகிவிட்டது, பழகாதது என்று ஒன்று உண்டா. கனிஷ்கா எட்டாவது வந்ததும் ஞாயிற்றுக்கிழமை இட்லிக்குப் பிறகு பாடம் ஆரம்பித்தார். ஸ்கூலில் எல்லாம் சொல்லித்தருவான், காசை எப்படி வைத்துக்கொள்வது என்று எவனும் சொல்லித்தரமாட்டான் என்றார். சரியான பேச்சு என்றுதான் எனக்கும் பட்டது. பிள்ளை போனில் ஆடுவதைப் பார்ப்பதற்குப் பதில் வெள்ளி விலை பார்க்கிறது என்று என் அக்காவிடம் பெருமை வேறு பேசினேன். அந்த வருஷம் பிறந்தநாளுக்கு டிரெஸ் கிடையாது, ஒரு வெள்ளிக் காசு. அட்டைக்குள் வைத்துக் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்கில் அடைத்தது. பிள்ளை ஆசையாகப் பிரிக்கப் போனாள், இவர் பாய்ந்து பிடுங்கினார். கவரைப் பிரிச்சா விக்கும்போது விலை குறைச்சுப் போடுவான், தொடவே கூடாது. தொடக் கூடாததை எதுக்குப்பா குடுத்தீங்க என்று அழுதாள். அந்த அழுகை எனக்கு இப்போது இனிக்கிறது. அடுத்த வருஷம் அழவில்லை, இந்த வருஷம் அவளே வேண்டாம் டிரெஸ் என்றாள். செய்கூலி, சேதாரம், வாங்குற விலைக்கும் விக்குற விலைக்கும் நடுவில் எவ்வளவு, கொலுசாக வாங்கினால் நஷ்டம் கட்டியாக வாங்கினால் லாபம், எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக் கடைகளைத் தாண்டிப் போகும்போது மற்ற பெண்பிள்ளைகள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நிற்கும், இவள் சலங்கைக்கெல்லாம் சேதாரம் ஜாஸ்திம்மா என்று நடந்துகொண்டே சொல்வாள். போன ஆடியில் பூஜை அலமாரியில் வெள்ளிப் பாலாடையைக் காணோம். கைக்குழந்தையில் அவளுக்குச் சளிக்கு மருந்து ஊற்றிய பாலாடை, விளிம்பில் அவள் ஈறு கடித்த நெளிசல்கூட இருக்கும். அதைத்தான் வித்தோம்மா, சும்மா கிடந்துச்சு, சும்மா கிடக்கிற பணம் தூங்குற பணம் என்றாள். என் கண் எதிரில் நின்று அப்பாவின் குரலில் சொன்னாள். அந்த நெளிசலுக்கு எவ்வளவு கழித்தான் என்று நான் கேட்டேன். கிண்டல் என்று புரியாமல், நெளிசலுக்குக் கழிக்கமாட்டாங்கம்மா, அழுக்குக்குத்தான் கழிப்பாங்க என்று பதில் சொன்னாள்.

அழுக்கு. சரி, கையை விட்டாகிவிட்டது. பழைய பிரஷ்ஷில் கொஞ்சம் பேஸ்ட் வைத்துத் தேய்க்கிறேன். வளையம் வளையமாகக் கோர்த்திருக்கிற கொடி, ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் அடைந்திருக்கிறது. நகத்தால் நோண்டினால் பவுடரும் வியர்வையும் சேர்ந்து மாவாக வருகிறது. பவுடர் நான் போட்டது. படுக்கைப் புண் வந்துவிடக் கூடாது என்று குப்பி குப்பியாகக் கொட்டினேன். அதற்குக் கீழே கறுப்பு, அது டீசலாக இருக்கலாம், லாரிக்காரர் அல்லவா. சங்ககிரியிலிருந்து நாக்பூர்வரைக்கும் ஓட்டின இடுப்பு. முதல் பெரிய டிரிப்பில் வந்த காசில் வாங்கியது என்று, பேச்சு இருந்த காலத்தில், சொல்லியிருக்கிறார். தண்ணீர் கலங்கி சாம்பல் நிறமாகிறது, டெட்டால் வாசமும் மூத்திர வாசமும் சேர்ந்து எழும்புகிறது, அல்லது என் மூக்குக்குள்ளேயே அது தங்கிவிட்டதா. நான் பொய் சொல்லமாட்டேன், மாமாவுக்கு மனசார ஒன்றும் செய்யவில்லை, முகம் சுளித்துக்கொண்டேதான் செய்தேன். டயப்பர் மாற்றும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வேன். அவருக்கும் தெரியும், நான் உள்ளே நுழைந்ததும் கண்ணை மூடிக்கொள்வார். லாரி ஓட்டின மனுஷன், மருமகள் துணியை விலக்கும்போது கண்ணை மூடிக்கொள்வதைத் தவிர அவருக்கு வேறு மரியாதை மிச்சமில்லை. நன்றாக இருந்த காலத்தில் என்னைக் கண்ணு என்றுதான் கூப்பிடுவார். இந்தக் கொடி டயப்பருக்குள் மாட்டிக்கொண்டு நனைந்துவிடும், எடுத்து மேலே விட வேண்டும், அதற்காகவே இது ஒழிந்தால் தேவலை என்று பல தடவை நினைத்திருக்கிறேன். ஒழிந்தபோது நிம்மதியாகத்தான் இருந்தது. அன்றைக்குப் பாதி நாள் நான் ஊரில் இல்லை, என் அக்கா மகள் வளைகாப்புக்கு ஆத்தூர் போய்விட்டு வந்து பார்த்தால் இடுப்பு வெறுமையாக இருந்தது. "அப்பா கனிக்குக் குடுத்துட்டாரு" என்றார் இவர். அட, கடைசி காலத்தில் மனுஷனுக்கு நல்ல புத்தி என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அவர் என்னைப் படுத்திய பாடுதான் தாங்க முடியவில்லை. நல்லாயிருந்த இடது கையால் அடிவயிற்றைத் தடவித் தடவிக் காட்டுவார். மூத்திரம் வருகிறது போல என்று கேனைக் கொண்டுபோய் வைப்பேன், தள்ளிவிடுவார். வைப்பேன், தள்ளிவிடுவார். துணியிலெல்லாம் சிந்தும். மறுபடி தடவுவார், என்னைப் பார்ப்பார், வாய் கோணிக்கொண்டு ஏதோ சத்தம் வரும். "என்னதான் மாமா வேணும் உங்களுக்கு, வந்தாப் போங்க, வரலன்னா சும்மா இருங்க" என்று பச்சைப் பிள்ளையை அதட்டுகிற மாதிரி அதட்டினேன். கையைப் பிடித்துப் போர்வைக்குள் தள்ளினேன்.

"ம்மா, ஆச்சா?" கனிஷ்கா சமையலறைத் தராசைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறாள். தோசை மாவுக்கு உளுந்து நிறுக்கிற தராசு. இன்னொரு கையில் போன். தலையைச் சீவி, நகத்துக்கு ரோஸ் பாலிஷ் போட்டு, ஏதோ கல்யாணத்துக்குக் கிளம்புகிற மாதிரி. ரேட்டு காலையிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறதாம், சீக்கிரம் போனால் நல்லதாம். "அதிகமா தேய்க்காதம்மா, வெள்ளியும் சேர்ந்து போயிடும். அதுக்காக அழுக்கோட குடுத்தாலும் கடையில அவங்களா ஒரு கணக்குப் போட்டு ஜாஸ்தியா கழிப்பாங்க. நாமளே கழுவி நாமளே எடை போட்டுட்டுப் போகணும், அப்பத்தான் பேச முடியும்." பதினஞ்சு வயசு. இந்த வயசில் நான் எதற்கெடுத்தாலும் சிரித்துக்கொண்டிருந்தேன். இதற்காக இவளைத் திட்ட முடியாது, சொல்வதெல்லாம் சரி, அதுதான் கொடுமை, ஒன்றுகூடத் தப்பில்லை. நாளைக்கு இவளை ஒருத்தன் ஏமாற்ற முடியாது, எனக்கு நடந்த மாதிரி நகையைக் கழற்றி வாங்கிப் பங்குச் சந்தையில் விட்டுவிட்டு மாசக்கணக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிய முடியாது. அந்த நஷ்டத்துக்குப் பிறகுதானே இவருக்கு இந்த வெள்ளி ஞானமே வந்தது. "தாத்தா இதைக் குடுக்கும்போது என்ன கண்ணு பண்ணாரு?" என்று கேட்டேன். சும்மாதான் கேட்டேன், ஏதாவது நல்லதாக ஒன்று காதில் விழட்டும் என்று. தராசை மேடையில் வைத்து, அது பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டே "ம்" என்றாள். ம் என்றால்? "ஒண்ணும் பண்ணல. சீக்கிரம்மா" என்று சொல்லிவிட்டு ஹாலுக்குப் போய்விட்டாள். பாத்ரூமில் இவர் பாட்டு முணுமுணுப்பது கேட்கிறது. அப்பன் செத்து மாசம் திரும்பவில்லை.

தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குழாயைத் திறந்து அலசுகிறேன். வெள்ளைவெளேரென்று வருகிறது, அடப்பாவி, இவ்வளவு அழகை உள்ளே வைத்துக்கொண்டா அப்படி நாறினாய். திருகு இருக்கிற இடத்தைத் தேடுகிறேன், அங்கேதான் இன்னும் கறுப்பு இருக்கும். இருக்கிறது, இறுக்கமாகப் பூட்டியிருக்கிறது, சின்ன மரை, நுனியில் மிளகு மாதிரி ஒரு குண்டு. பூட்டியிருக்கிறது. அப்படியென்றால் இது வட்டமாக அல்லவா இருக்க வேண்டும். நான் தேய்த்ததோ நீளமாக, கயிறு மாதிரி, இந்த நுனியிலிருந்து அந்த நுனிக்கு. இரண்டு நுனியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். வளையம் நசுங்கி அறுந்திருக்கிறது, அறுந்த இடம் மட்டும் புதுசாகப் பளபளக்கிறது. திருகுக்கு நேர் எதிர்ப்பக்கம். எதற்கு? பூட்டு இருக்கும்போது எதற்கு வெட்ட வேண்டும். திருகு துருப்பிடித்திருக்கும், வெள்ளி துருப்பிடிக்குமா, அழுக்கில் இறுகியிருக்கும். இரு, திருப்பிப் பார்க்கிறேன். திரும்புகிறது. சுலபமாகத் திரும்புகிறது. போன வருஷம் ஸ்கேன் எடுக்கும்போது நர்ஸ்கூட ஒரே திருகில் கழற்றினாளே. கழற்றினாளா, முதலில் கழற்ற விட்டாரா மனுஷன். ஒரு பக்கம் கை கால் விழுந்து, வாய் கோணி, ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி இடது கையால் திருகைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நர்ஸ் ஒரு கறுப்புக் கயிற்றைக் கொண்டுவந்து இடுப்பில் கட்டி, அதை அவர் விரலால் தொட்டுப் பார்க்கவைத்த பிறகுதான் கையை எடுத்தார். நர்ஸ் சிரித்தாள், எங்க அப்பாவும் இப்படித்தான் என்றாள். எல்லா அப்பாவும் அப்படித்தான். ஆம்பளை இடுப்பு ஒரு நிமிஷம்கூட வெறுமையாக இருக்கக் கூடாது, புதுசைக் கட்டிவிட்டுத்தான் பழசைக் கழற்றுவார்கள். வெட்டுவது ஒரே ஒரு தடவைதான். எங்கள் அப்பா செத்த அன்று அவரைக் குளிப்பாட்டி நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தபோது ஒருவர் வந்து வேட்டிக்குள் கையை விட்டு அரைஞாண் கயிற்றை அறுத்தார். அது அறுந்த சத்தம்கூட வரவில்லை, ஆனால் அதுவரை அழாத என் அம்மா அப்போதுதான் ஓவென்று கத்தினாள். அதோடு முடிந்தது என்று அர்த்தம். நீ இனி ஆள் இல்லை என்று அர்த்தம்.

ஐயோ. குழாய் ஓடிக்கொண்டிருக்கிறது, மூடத் தோன்றவில்லை. வயிற்றைத் தடவவில்லை அவர். இடுப்பைத் தடவினார். தடவிவிட்டு என்னைப் பார்த்தார். எங்கே என்று கேட்டார், இல்லை, எங்கே என்றுகூட இல்லை, கண்ணு, நான் செத்துப்போயிட்டனா என்று கேட்டிருக்கிறார். நான் மூத்திரக் கேனை வைத்தேன். அவர் கேட்டார், நான் கேனை வைத்தேன். துணி நனைந்துவிட்டதென்று பல்லைக் கடித்தேன். அப்புறம் கேட்பதையே விட்டுவிட்டார், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார், கஞ்சி ஊற்றினால் வாயோரமாக வழியவிட்டார். சரி, செத்துவிட்டோம், செத்தவனுக்கு எதற்குக் கஞ்சி என்று நினைத்திருப்பாரோ. ஒரு கறுப்புக் கயிறு, பெட்டிக்கடையில் கேட்டால் சும்மாவே கொடுப்பான், அதைக் கட்டிவிட்டிருந்தால் போதுமே, அந்தப் புத்திகூட எனக்கு வரவில்லையே. குமட்டுகிறது. இவர் மேல், இந்தப் பாட்டுச் சத்தத்தின் மேல், அந்த சோப்பு வாசத்தின் மேல், இந்தப் பேஸ்ட் நாறுகிற என் கையின் மேல், எல்லாவற்றின் மேலும் அருவருப்பு வருகிறது. சர்வே பையில் கட்டிங் பிளேயர் வைத்திருப்பார், வண்டி வயரை நறுக்க. அதுதான். படுக்கையில் கிடந்த அப்பனை ஒரு வண்டியாகப் பார்த்து, தேறுவது எது என்று பார்த்து, குனிந்து நறுக்கியிருக்கிறார். கனிஷ்காவுக்குத் தெரியாது. தெரிந்திருக்காது. அன்றைக்கு சனிக்கிழமை, ஸ்பெஷல் கிளாஸ் இருந்திருக்கும். இல்லை, நான் ஆத்தூரிலிருந்து வந்தபோது அவள்தான் காபி போட்டுக் கொடுத்தாள். ஒரு நாளும் அடுப்புப் பக்கம் வராதவள். சர்க்கரை சரியாக இருக்கிறதா என்றுகூடக் கேட்டாள். வேண்டாம், அந்தப் பக்கம் நினைக்க வேண்டாம். பிள்ளையிடம் அப்பா என்ன சொன்னாரோ அதைத்தான் அவள் நம்பியிருப்பாள், நாங்கள் எல்லோரும் மூக்கைச் சிந்தி நம்பவில்லையா. தாத்தா கொடுத்தார், அவள் வாங்கிக்கொண்டாள். அப்படியே இருக்கட்டும். இருக்கட்டும் என்று நினைக்கும்போதே கை ஈரத்தோடு அந்த அறுந்த நுனியைத் தடவிக்கொண்டிருக்கிறது, அது விரலில் குத்துகிறது.

"குடும்மா, துடைச்சு எடை போடறேன்." வந்துவிட்டாள். குழாயை அவளே மூடினாள். நான் கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். "கனி, இது வெட்டியிருக்கே?"

"ஆமா."

"திருகு நல்லாத்தானே இருக்கு?"

"தாத்தா திருகைப் பிடிச்சுக்கிட்டாங்க. விடவே மாட்டேன்னுட்டாங்க. அதான் பின்னாடி கட் பண்ண வேண்டியதாயிடுச்சு." அவள் முகத்தை உற்றுப் பார்க்கிறேன். மூக்கு என் மூக்குதான், கன்னத்து மச்சம் பிறக்கும்போதே இருந்தது. பொய் இல்லை, பயம் இல்லை, வெட்கம் இல்லை. வீட்டுப் பாடம் ஒப்பிக்கிறாள். "தானா குடுத்தாருன்னு அப்பா சொன்னாரே?" என்றேன்.

"அது ம்மா, உயிரோட இருக்கறப்ப எடுத்தாத்தான் கிஃப்ட். செத்தப்புறம்னா அது பங்கு. அத்தை கேப்பாங்க, மயானத்துல இருக்கறவங்களும் கேப்பாங்க. பொணத்து மேல இருந்ததுன்னு நீயே வீட்டுக்குள்ள விட மாட்ட. தாத்தாவுக்கு எப்படியும் எனக்குக் குடுக்கணும்னுதான் ஆசை, அதைச் சொல்லத் தெரியலன்னு அப்பா சொன்னாங்க. அன்னிக்கு ரேட்டும் ரொம்ப ஹைல இருந்துச்சு. அன்னிக்கே வித்திருக்கணும், அப்பாதான் இப்ப வேணாம், நாலு பேர் பார்ப்பாங்கன்னுட்டாங்க. உணர்ச்சிவசப்பட்டு லேட் பண்ணா நஷ்டம்தான்."

"அப்பா வெட்டும்போது நீ எங்க இருந்த?" இங்கே நான் நிறுத்தியிருக்கலாம். இதோடு கடைக்குப் போகட்டும், மாற்றட்டும், கட்டியோ தட்டியோ எதையோ வாங்கி வரட்டும் என்று விட்டிருந்தால் எனக்கு ஒரு மகள் மிச்சமாகியிருப்பாள்.

"நான்தான் வெட்டுனேன். அப்பாவுக்குக் கை நடுங்குச்சு."

பாத்ரூமில் தண்ணீர் நின்றுவிட்டது. பாட்டும் நின்றுவிட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் இவர் துண்டோடு நின்றுகொண்டு கேட்கிறார் என்று எனக்குத் தெரிகிறது, தாழ்ப்பாள் திறக்கவில்லை. கை நடுங்கியதாம். நசுங்கின காருக்குள் தலையை விட்டுப் பார்க்கிற மனுஷனுக்குக் கை நடுங்கியிருக்கிறது. அந்த நடுக்கத்தோடு விட்டிருக்கக் கூடாதா, பிளேயரை மகள் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றாரா, நின்று பாடம் எடுத்தாரா. தாத்தா அழுதாரா என்று கேட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது, ஸ்ட்ரோக் வந்தவர்களுக்குக் காரணமில்லாமல் அப்படி வரும் என்று டாக்டரே சொல்லியிருக்கிறாரே என்றாள். உனக்கு ஒண்ணுமே தோணலையா கண்ணு என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், அந்தச் சின்ன நெற்றி சுருங்கியது, நான் அந்தச் சுருக்கத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். "ஒரு மாதிரிதான் இருந்துச்சு" என்றாள். பிறகு, "ஒரே நாத்தம்மா. அப்புறம் டெட்டால் போட்டுக் கை கழுவிட்டேன்" என்றாள். பிறகு தராசைப் பார்த்தாள், அது தானாக அணைந்துபோயிருந்தது, மறுபடி அழுத்தினாள். என் பிள்ளையை நான் அருவருப்போடு பார்க்கிறேன். பெற்ற பிள்ளையைப் பார்த்தால் இது வரும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. மலம் அள்ளியிருக்கிறேன் இவளுக்கு, வாந்தியைக் கையில் ஏந்தியிருக்கிறேன், அப்போதெல்லாம் வராதது, தலை சீவிப் பவுடர் பூசி நகத்தில் ரோஸ் போட்டு நிற்கும்போது வருகிறது. இதைக் கழுவ எந்த வெந்நீரைக் கொண்டுவருவது.

"குடும்மா, டைம் ஆச்சு" என்று கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. கொடி முழுவதும் என் கைக்குள் சுருண்டுவிட்டது, திருகு உள்ளங்கையில் அழுந்துகிறது, கை தானாக மூடிக்கொண்டது. விட்டால் இவள் போய்விடுவாள். கடைக்கு இல்லை, எங்கேயோ, நான் கூப்பிட்டால் காது கேட்காத தூரத்துக்கு. "ம்மா, விளையாடாத." நான் விளையாடவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், கோணலாக ஒரு சத்தம்தான் வந்தது. அவள் கோபப்படவில்லை. அதட்டக்கூட இல்லை, நான் மாமாவை அதட்டிய மாதிரி. பொறுமையாக என் கையைத் தன் இடது கையில் தாங்கிக்கொண்டாள், மெத்தென்ற கை, தாங்கியபடியே சொன்னாள். "சுண்டு விரல்லருந்து ஆரம்பிக்கணும்மா. கட்டை விரலை எடுக்கப் போனா தாத்தா இன்னும் இறுக்கிக்கிட்டாங்க." சுண்டு விரல் விட்டது. அடுத்த விரலுக்கு வந்தவள், அதிலிருந்த என் கல்யாண மோதிரத்தைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.